லிங்க் வாய் திறந்தபோது

வணக்கம் அண்ணா,

காமிக்ஸ் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பு ஒன்றில் 'லெஜண்ட் ஆஃப் செல்டா' வீடியோ கேம்களை வைத்து வரைந்த மாங்காக்களை (ஜப்பானியக் காமிக்ஸ்) ஒரே வரியில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் செல்டா விளையாட்டுகளின் தீவிர ரசிகன். 'பிரெத் ஆஃப் த வைல்ட்' மட்டும் மூன்று முறை முடித்திருக்கிறேன். உங்கள் பேச்சை நம்பி இரண்டு புத்தகங்கள் வாங்கினேன். இரண்டுமே 'எ லிங்க் டு த பாஸ்ட்' என்ற செல்டா விளையாட்டின் கதைதான். ஒன்று ஷோட்டாரோ இஷினோமோரி வரைந்தது, மற்றது அகிரா ஹிமேகாவா வரைந்தது.

படித்துவிட்டுக் குழம்பிப்போனேன். ஒன்றில் பறவையாக மாறும் ரோம் என்கிற வில்லாளி வருகிறான். இன்னொன்றில் கான்டி என்று ஒரு திருடி. இந்த இருவருமே விளையாட்டில் கிடையாது. முடிவும் வேறு வேறு. எல்லாவற்றையும்விட, விளையாட்டின் நாயகன் லிங்க் பேசிக்கொண்டே இருக்கிறான்! இத்தனை வருடங்களாக வாய் திறக்காத ஒருவன் கோபப்படுவதும் புலம்புவதும் எனக்கு ஒட்டவே இல்லை. இவற்றில் எது சரியான கதை? அல்லது, விளையாட்டை விற்பதற்காகப் போட்ட விளம்பரப் புத்தகங்கள்தானா இவை? விளையாட்டே கையில் இருக்கும்போது இவற்றை எதற்குப் படிக்க வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகன், கோவை

*

அன்புள்ள தம்பி,

உங்களுக்கு ஒட்டாமல் போன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். லிங்க் பேசுகிறான் என்பதுதான் இந்த மாங்காக்களில் நடக்கும் ஆகப் பெரிய காரியம். பறவை வில்லாளி, திருடி, மாறிப்போன முடிவு எல்லாமே அதிலிருந்து கிளைத்தவை.

1986-இல் முதல் விளையாட்டு வந்தபோதே அவன் பேசாதவன். குரல் வந்த பிறகும் வாள் வீசும்போது ஒரு கத்தல், அடிபட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். பல விளையாட்டுகளில் தொடக்கத்திலேயே பெயர் கேட்பார்கள். உங்கள் பெயரையே கொடுத்துவிடலாம். ஊர்க்காரர்கள் அவனைப் பார்த்துப் பேசுவார்கள், பதில் நம் மனதுக்குள் ஓடும். 'லிங்க்' என்ற சொல்லுக்கே இணைப்பு என்றுதானே பொருள்? விளையாடுகிறவரையும் அந்த உலகத்தையும் இணைப்பவன். அவன் மௌனம் நாம் உட்கார்வதற்காகக் காலியாக விட்டிருக்கும் இடம். 'பிரெத் ஆஃப் த வைல்டை' மூன்று முறை முடித்தவர் நீங்கள். ஹைரூல் நாட்டுக் கோட்டையில் கிடைக்கும் இளவரசி செல்டாவின் நாட்குறிப்பைக் கட்டாயம் படித்திருப்பீர்கள். இவ்வளவு பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாப் பாரத்தையும் வாய் திறக்காமல் சுமக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான் என அதில் எழுதியிருப்பாள். அத்தனை வருட மௌனத்துக்கு விளையாட்டே ஒரு காரணம் தேடிக்கொண்ட இடம் அது. எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட.

சரி, இந்த ஆளைக் காகிதத்துக்குக் கொண்டுவருகிறோம். கையில் கன்ட்ரோலர் இல்லை. அவனை நடக்க வைப்பது நாம் இல்லை. இருநூறு பக்கம் அவன் வாயே திறக்கவில்லை என்றால் அவன் நாமாக இருக்க மாட்டான், மனதைப் பூட்டிக்கொண்ட யாரோ ஒருவனாகத் தெரிவான். ஆகவே வரைகிறவருக்கு வேறு வழியில்லை. அந்தக் காலி இடத்தில் யாரையாவது உட்கார வைத்தே ஆக வேண்டும். யாரை உட்கார வைத்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் புத்தகங்களைப் படிப்பதில் உள்ள சுகம். அதனால், எது சரியான கதை என்ற உங்கள் கேள்விக்கு என்னால் ஒரு புத்தகத்தைக் காட்ட முடியாது. விளையாட்டு காலியாக விட்ட இடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக நிரப்பியிருக்கிறார்கள்.

இஷினோமோரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'சைபோர்க் 009'-ஐயும் 'காமென் ரைடரை'யும் உருவாக்கியவர். ஒரே ஆள் வரைந்த காமிக்ஸ் பக்கங்களில் உலகிலேயே அதிகம் இவருடையவை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர், 1,28,000 பக்கங்கள். அவர் இந்தக் கதையை வரைந்தது ஜப்பானியப் பத்திரிகைக்காக இல்லை. செல்டா விளையாட்டுகளைத் தயாரிக்கும் நிண்டெண்டோ நிறுவனமே அமெரிக்காவில் நடத்திய 'நிண்டெண்டோ பவர்' மாத இதழுக்காக, 1992 ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பகுதிகள், முழு வண்ணத்தில். மற்ற மாங்காக்களைப் போல வலமிருந்து இடமாகப் படிக்காமல் நம் வழக்கப்படியே இடமிருந்து வலமாகப் படித்திருப்பீர்களே, அதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் விளையாட்டு கடைக்கு வந்தது 1992 ஏப்ரலில். அங்குள்ள பிள்ளைகள் விளையாடுவதற்கு மூன்று மாதம் முன்பே காமிக்ஸைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, விளம்பரமா என்று கேட்டீர்களே, ஆமாம், விளம்பரம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த விளம்பரத்துக்குள் அவர் என்ன செய்துவைத்தார் என்று பாருங்கள். விளையாட்டின் முடிவு உங்களுக்குத் தெரியும். கேட்டதைத் தரும் ட்ரைஃபோர்ஸ் என்ற தெய்வப் பொருளைத் தொட்டு லிங்க் வேண்டிக்கொண்டதும் இறந்துபோன அரசர் திரும்புகிறார், மாமா திரும்புகிறார், நாடே பழையபடி ஆகிறது. வயிறு நிறைந்த முடிவு. இஷினோமோரியின் முடிவில் செல்டா அரசியாகிறாள், லிங்க் காவல் படைக்குத் தலைவன் ஆகிறான். இருவருக்கும் அவரவர் வேலை. பார்த்துக்கொள்ளக்கூட நேரம் அமைவதில்லை. ஜெயித்தவன் கடைசியில் தனியாக நிற்கிறான். விற்பனைக்காக மட்டும் வரைகிறவர் அப்படி முடிக்க மாட்டார். இது அவருடைய பழைய நாயகர்களின் முகம். 009-ம் காமென் ரைடரும் யாரோ பிடித்து உடலை மாற்றிவிட்ட மனிதர்கள். ஊரைக் காப்பாற்றுவார்கள், ஊரோடு கலக்க அவர்களால் முடியாது. அந்த மனிதனைத்தான் லிங்க்கின் காலி நாற்காலியில் அவர் உட்கார வைத்தார். ரோம் எதற்கு வருகிறான் என்பதும் இப்போது புரியும். தானும் வீரர் பரம்பரைதான், ஏன் எனக்கு இந்தப் பேறு கிடைக்கவில்லை என்று பொருமுகிறவன், கடைசிப் போரில் உயிரையே கொடுக்கிறான். லிங்க்கின் தனிமை நமக்குத் தெரிய வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொருவன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அகிரா ஹிமேகாவா என்பது ஒருவருடைய பெயர் இல்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். அவர்கள் செல்டாவை வரையத் தொடங்கியது 'ஒகரினா ஆஃப் டைம்' விளையாட்டுக்குப் பிறகு. அது ஜப்பானில் வெளியானது 1998 நவம்பரில். ஷோகாகுகான் நிறுவனம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்புவாரியாக நடத்திவந்த இதழ்களில் அவர்களின் தொடர்கள் வந்தன. சின்னப் பிள்ளைகள் படிப்பது, பக்கமும் குறைவு. நாற்பது மணி நேர விளையாட்டை இரண்டே புத்தகத்துக்குள் அடக்க வேண்டும். நாம் மூன்று மணி நேரம் முட்டி மோதிய ஒரு கோயில் கட்டம் சில பக்கங்களில் முடிந்துவிடும், சில இடங்களில் காணாமலே போய்விடும். அப்படி இடத்துக்குத் தவிப்பவர்கள், விளையாட்டில் இல்லாத ஒன்றுக்குப் பக்கம் ஒதுக்கினார்கள் என்றால் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

வோல்வேஜியா ஞாபகம் இருக்கிறதா? நெருப்புக் கோயிலின் கடைசியில் வரும் டிராகன். எரிமலைக் குழம்பு கொதிக்கும் குழிகளிலிருந்து தலையை நீட்டும், சுத்தியலால் மண்டையில் அடிக்க வேண்டும். விளையாட்டில் அதற்கு மேல் நமக்கும் அதற்கும் உறவு இல்லை. ஹிமேகாவா என்ன செய்தார்கள் தெரியுமா? சிறுவன் லிங்க் முதல்முறை கோட்டை நகரத்துச் சந்தைக்கு வரும்போது ஒரு குட்டி டிராகனைக் காப்பாற்றுகிறான். அதோடு விளையாடுகிறான். பிறகு பிரிகிறார்கள். ஏழு ஆண்டுகள் மாயத் தூக்கத்தில் கிடந்து எழுந்து, இளைஞனாக மலைக்குப் போகிறான். எதிரே நிற்பது அதே வோல்வேஜியா, இப்போது வில்லன் கானன்டார்ஃபின் பிடியில். அவன் கையாலேயே அதைக் கொல்ல வேண்டியிருக்கிறது.

நான் விளையாட்டை முடித்துப் பல வருடம் கழித்துத்தான் அந்த மாங்காவைப் படித்தேன். படித்த பிறகு மறுபடி விளையாட உட்கார்ந்தேன். நெருப்புக் கோயில் வரை வந்துவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏழு ஆண்டு தூங்கி எழுந்த ஒரு பிள்ளை எதையெல்லாம் இழந்திருப்பான் என்று விளையாட்டு சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நான்தான் அடுத்த சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருந்ததில் அதைக் கேட்கவில்லை. விளையாட்டு இருக்கும்போது மாங்கா எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அவர்கள் வரைந்ததில் எனக்கு எல்லாமே ஒரே அளவு பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வாங்கிய 'எ லிங்க் டு த பாஸ்ட்' ஒரே புத்தகத்துக்குள் நெருக்கப்பட்ட கதை. கான்டி நல்ல பாத்திரம், ஆனால் அவளோடு பழகுவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு கதையில் மட்டும் நான் இஷினோமோரியின் பக்கம்தான். ஹிமேகாவாவை அதை வைத்து எடை போட்டுவிடாதீர்கள். அடுத்து 'ஃபோர் ஸ்வோர்ட்ஸ்' படியுங்கள். நம் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடையாது.

2004-இல் வந்த 'ஃபோர் ஸ்வோர்ட்ஸ் அட்வென்ச்சர்ஸ்' நான்கு பேர் சேர்ந்து ஆடுவதற்காகச் செய்தது. ஆளுக்கு ஒரு கேம்பாய் அட்வான்ஸ் கைக்கருவியை கேம்கியூப் கருவியோடு இணைத்து உட்கார வேண்டும். லிங்க் நான்காகப் பிரிவான், பச்சை, சிவப்பு, நீலம், ஊதா. உடையின் நிறத்தைத் தவிர நான்கு பேருக்கும் வித்தியாசமே இல்லை. அங்கே யாரும் பேச வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் பேச்சு அறைக்குள் நடக்கிறது. "டேய், என் ரத்தினத்தை ஏன்டா எடுத்த" என்று நான்கு நண்பர்கள் கத்திக்கொள்வதுதான் அந்த விளையாட்டின் வசனம். மாங்காவில் அந்த அறை இல்லை. எனவே ஹிமேகாவா நான்கு லிங்க்குக்கும் நான்கு குணம் கொடுத்தார்கள். நீலம் எடுத்ததற்கெல்லாம் சண்டைக்குப் போகிறவன். சிவப்பு வெள்ளந்தி, சட்டென்று அழுதுவிடுவான். ஊதா யோசிப்பவன், எல்லோரையும்விட அமைதியானவன். பச்சை இவர்களைக் கட்டி மேய்க்கப் பார்க்கிறவன். ஒரே பையனின் நான்கு பக்கங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கின்றன. நடுவில் ஊதா, லிங்க்கின் தீய நகலான நிழல் லிங்க்கோடு போய்ச் சேர்ந்துவிட்டதாக நாடகமாடுகிறான். அந்த நிழலுக்கோ அவன் மீது உண்மையிலேயே நட்பு வந்துவிடுகிறது. விளையாட்டில் வெறும் எதிரியாக வரும் நிழல், கடைசியில் தன்னைப் பிறப்பித்த இருள் கண்ணாடியை உடைத்துத் தன்னையே அழித்துக்கொள்ளும் பக்கங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வரைந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கியது இரண்டு கதைகளைச் சேர்த்துத் தடிமனாகப் போட்ட மறுபதிப்பு என்றால், 'மஜோராஸ் மாஸ்க்' என்ற இன்னொரு செல்டா விளையாட்டின் கதையும் அதே புத்தகத்தில்தான் இருக்கும். அதன் இறுதியில் ஒரு சின்ன உபகதை வரும். தலைப்பில் உள்ள அந்த மந்திர முகமூடி எங்கிருந்து வந்தது என்பதை விளையாட்டு சொல்வதில்லை. ஒரு பழைய குலம் மந்திரச் சடங்குகளுக்குப் பயன்படுத்தியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஹிமேகாவா தங்கள் சொந்தக் கற்பனையில் அதற்கு ஒரு பிறப்புக் கதை எழுதினார்கள். யாராலும் வெல்ல முடியாத ஒரு பெரும் விலங்கு, அதன் உடல் கவசத்துக்காக அதைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் சாகிறார்கள். ஒரு வழிப்போக்கன் மட்டும் பறையோடு வருகிறான். சண்டை போடவில்லை, வாசிக்கிறான். விலங்கு ஆடத் தொடங்குகிறது. மூன்று நாள் ஆடி ஓய்கிறது. அதன் கவசத்திலிருந்து செதுக்கியதுதான் முகமூடி. இதில் லிங்க் வரவே இல்லை. மூன்று நாளில் நிலா விழப்போகிறது என்று பதறிப் பதறி ஆடிய விளையாட்டை நினைத்துக்கொண்டு, இந்த மூன்று நாள் ஆட்டத்தைப் படித்துப் பாருங்கள்.

வேறு மாங்காக்களும் உண்டு. அட்டாரு காஜிவா வரைந்தவற்றில் லிங்க் சேட்டைக்காரன், சிரிக்க வைப்பான். நான்கு கட்டத் துணுக்குத் தொகுப்புகளும் வந்தன, அவை பெரும்பாலும் ரசிகர்களுக்கானவை. ஹிமேகாவாவின் 'ஆரக்கிள்' புத்தகங்கள் இரண்டும் இளையவர்களுக்குப் பிடிக்கும், எனக்கு அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் லிங்க் பேசுவது ஒட்டவில்லை என்கிற உங்களுக்கு 'ட்வைலைட் பிரின்சஸ்' பற்றிச் சொல்லியாக வேண்டும். விளையாட்டு 2006-இல் வந்தது. மாங்கா பத்து வருடம் கழித்து, 2016-இல் ஒரு கைபேசிச் செயலியில் தொடங்கி 2022 வரை ஓடியது, பதினொரு புத்தகங்கள். சிறுவர் இதழின் பக்கக் கட்டுப்பாடு இங்கே இல்லை, படிக்கிறவர்களும் வளர்ந்தவர்கள். இதில் லிங்க் அந்தக் கிராமத்தில் பிறந்தவன் இல்லை. வேறு எங்கிருந்தோ வந்து தங்கியவன். பழைய ஊருக்கு நேர்ந்த அழிவைக் குற்ற உணர்வாக மனதில் புதைத்துவைத்திருக்கிறான். ஊராரோடு சிரித்துப் பேசுகிறான், ஆடு மேய்க்கிறான், அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. இருபது வருடம் அவனுக்கு வாய் கொடுத்துப் பழகிய அந்த இருவரும், பேசத் தெரிந்த லிங்க்குக்கும் ஒரு மௌனத்தை வைத்தார்கள். நீங்கள் விளையாட்டில் நேசித்த லிங்க் இந்தப் புத்தகங்களில் உங்களுக்குக் கிடைப்பான் என்று நினைக்கிறேன்.

'ஃபோர் ஸ்வோர்ட்ஸ்' முதலில், 'ட்வைலைட் பிரின்சஸ்' அப்புறம். அதற்கு முன்னால் உங்களிடம் இருக்கும் இஷினோமோரியின் கடைசிப் பக்கங்களை மறுபடி ஒருமுறை, அவசரப்படாமல் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்