மேயவிடும் கோழிகள் பூச்செடிப் பாத்தியைக் கிளறாமல் தடுப்பது எப்படி? (பெங்களூரு)

"குழம்பு வைத்துவிடுங்கள்" என்று இதற்குள் நாலு பேர் எழுதியிருப்பார்கள். விட்டுத்தள்ளுங்கள். கேள்வியைப் பார்த்தால் ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கம் சைட் வீடு, பின்னால் கொஞ்சம் மண், ஐந்தாறு நாட்டுக்கோழி, லால்பாக் மலர்க் கண்காட்சி பார்த்த சூட்டில் வைத்த சாமந்தியும் ரோஜாவும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோழிக்கு உங்கள் பூ வேண்டாம். புதிதாகக் கொத்திவிட்ட மண்தான் வேண்டும். ஈரமாக இருந்தால் புழுவுக்குக் கிளறும், காய்ந்து பொடியாக இருந்தால் குழி பறித்துப் புரளும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

புரளுவதற்கு அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிடுங்கள். மூன்றடிக்கு இரண்டடி, ஓரடி ஆழம், மேலே மழை படாத தகரம். செம்மண்ணும் மணலும் சமமாக, கூடவே இரண்டு படி விறகுச் சாம்பல். மண் நனைந்துவிட்டால் கோழி பழையபடி ரோஜா அடிக்கே போகும், அதனால் கூரை முக்கியம்.

கிளறுவதற்குக் கோழி வலைதான். வலையைச் சுற்றி நிறுத்துவதைவிடப் பாத்தியின் மேலேயே படுக்கப் போடுங்கள். ஓர் அங்குலக் கண், 20 அல்லது 22 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசியது. எண் கூடினால் கம்பி மெல்லிசு, சீக்கிரம் துருப்பிடிக்கும். செடி வரும் இடத்தில் தண்டைவிட மூன்று விரல் அகலமாக வெட்டி, முனைகளைக் கீழ்நோக்கி மடக்குங்கள். எட்டு அங்குலக் கம்பியை 'ப' வடிவில் வளைத்து இரண்டடிக்கு ஒன்றாகக் குத்துங்கள். ஓரம் தூக்கினால் கால் மாட்டும். வெட்டிய துண்டுக் கம்பிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள், மின்னுவதைக் கோழி விழுங்கும். மேலே 40 மி.மீ. ஜல்லி பரப்பினால் வலையும் தெரியாது. தென்னை நார்த்தூள், சருகு போட்டால் கிளறுவதற்கு விருந்து வைத்த மாதிரிதான்.

நாற்று நட்ட முதல் மாதம் வேர் பிடிக்கும் வரை பஞ்சாரத்தைக் கோழிக்குப் பதில் செடிமேல் கவிழ்த்து, மேலே ஒரு கல் வையுங்கள்.

வேலிதான் வேண்டும் என்றால், கனத்த கிரிராஜா இனக் கோழிக்கு நாலடி போதும். நாட்டுக்கோழிக்கு ஆறடியாவது வேண்டும். உச்சியில் குறுக்குக் கம்போ பைப்போ கட்டாதீர்கள். உட்கார இடம் தெரிந்தால்தான் தாவும். வலையின் மேல் ஓரடியைத் தளர்வாக விட்டுவிடுங்கள். வேலிக்குப் பக்கத்தில் பூந்தொட்டி, செங்கல் அடுக்கு இருந்தால் அதுவே படிக்கட்டு.

அப்படியும் தாண்டும் கோழிக்கு ஒரு பக்கச் சிறகில் மட்டும், நுனியிலுள்ள பத்து நீள இறகுகளை, மேல் மூடும் சிற்றிறகுகளின் விளிம்புக்கு வெளியே வெட்டலாம். அடித்தண்டு கருநீலமாக இருந்தால் ரத்தம் ஓடும் இறகு, தொடக் கூடாது. கொடுமை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: முதிர்ந்த இறகில் வலி இல்லை, அடுத்த இறகு உதிர்ப்பில் புதிதாக முளைத்துவிடும். ஆனால் தெருநாய் நுழையும் வீடு என்றால் வெட்டாதீர்கள், பறந்து தப்ப வழியிருக்காது.

நேரமும் பாருங்கள். காலையில் தீவனம் போட்டுக் கூண்டிலேயே வைத்து, பொழுது சாய ஒன்றரை மணி நேரம் முன்பு திறந்தால், இருட்டியதும் தானாக அடையும், கிளறவும் நேரம் குறைவு. திறப்பதற்கு முன் செடிக்குத் தண்ணீர் விடாதீர்கள். மண்புழு மேலே வரும்.

மிளகாய்த்தூள் வீண், பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. சிடி தொங்கவிட்டால் ரெண்டு நாள் மிரளும், அப்புறம் அதன் கீழேயே மேயும்.

சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'செம்மண்' என்று இங்கே மூட்டையில் விற்பதில் பல இடங்களில் கட்டட இடிபாட்டைக் கலந்துவிடுகிறார்கள்: கண்ணாடிச் சில்லு, ஆணி, சிமெண்ட் கட்டி. காசு வாங்கிக்கொண்டு குப்பையை நம் வீட்டில் கொட்டுகிற வேலை. சலிக்காமல் பாத்தியில் போடாதீர்கள்.

மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தைக்கு மருந்து உருண்டை போடுகிற வீடென்றால், கோழியைத் திறக்கவே வேண்டாம். தீவனம் என்று நினைத்துக் கொத்திவிடும். நத்தையை இரவில் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அந்தத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றிவிடாதீர்கள், செடி கருகிவிடும்.