பழைய வேட்டை ரைஃபிள்: கேட்கும் விலை நியாயமா?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு பழைய வேட்டை ரைஃபிள் விலைக்கு வந்திருக்கிறது. .30-06 அளவுத் தோட்டா, ஒவ்வொரு முறையும் பின்பக்க அடைப்பான போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன், மேலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பிடிக்கும் மரக் கட்டைக்குப் புது வார்னிஷ். “இருபது வருஷத்தில் நாற்பது தோட்டாதான் சுட்டிருப்பார்கள், 95 சதவீதம் புதுசு” என்கிறார் தரகர். இதே மாடல் புதிதாக விற்கும் விலையில் பத்தில் ஒன்பது பங்கு கேட்கிறார். உரிமம் என்னிடம் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். ரைஃபிள் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதை நான் பார்க்கவில்லை. தரகர் சொன்னவை விலையைத் தீர்மானிக்கும் விஷயங்களே இல்லை.

முதலில் அந்த 95 சதவீதம். துப்பாக்கி விலைக் கையேடுகளில் வரும் சதவீதம், தொழிற்சாலையில் போட்ட மேற்பூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்கான கணக்கு. குழலுக்குள் என்ன நிலைமை என்று அது சொல்லாது. கட்டைக்கு வார்னிஷ் அடித்த அன்றே அதன் அசல் பூச்சு போய்விட்டது. அப்புறம் எங்கிருந்து 95? இத்தனை வருஷத்தில் என் மேசைக்கு வந்த பழைய ரைஃபிள்களில் உரிமையாளர் வாயால் ‘80 சதவீதம்’ என்று கேட்டது மிகக் குறைவு. எல்லாம் 95தான்.

அடுத்து நாற்பது தோட்டா. உண்மையாகவே இருக்கட்டும், அதனால் என்ன? .30-06 குழல் சில ஆயிரம் முறை சுட்டாலும் தாங்கும். வேட்டைக்காரர்கள் வருஷத்துக்குச் சுடுவது கொஞ்சம்தான். வேட்டை ரைஃபிள் சுட்டுத் தேய்வதைவிடத் துருவாலும் தப்பான துடைப்பாலும் கெடுவதே அதிகம். மழையில் நனைந்ததை அப்படியே உறைக்குள் போட்டு வைப்பார்கள். பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டுத் துடைக்காமல் விடுவார்கள். அவற்றின் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விட்டுப்போகும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை உள்ளேயே அரித்துவிடும். நாற்பது சுட்டுவிட்டு இருபது வருஷம் மூலையில் கிடந்ததைவிட, நானூறு சுட்டு ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்ததையே நான் வாங்குவேன்.

ஒருமுறை ஒருவர் வாங்கிய கையோடு ஒரு ரைஃபிளை என்னிடம் கொண்டுவந்தார். குழலுக்குள் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. எண்ணெயில் நனைத்த துணியை நாலு தடவை இழுத்தேன். முதலில் கறுப்பு, பிறகு பச்சை, கடைசியில் செம்பழுப்பு. பிறகு பார்த்தால் குழல் வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே, குண்டைச் சுழல வைக்கும் சுருள் புரிகளின் மேல் அம்மைத் தழும்பு போலக் குழிகள். கெட்டி எண்ணெயை நிரப்பி அதை மறைத்திருந்தார்கள். விற்றவரைக் கேட்டால், “நான் என்ன உள்ளேயா போய்ப் பார்த்தேன்?” என்றாராம்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ரைஃபிள் காலியாக இருப்பதை முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். போல்ட்டைக் கழற்றச் சொல்லி, உங்கள் முன்னாலேயே குழலைத் துடைக்கச் சொல்லுங்கள். வாய்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். புரிகளின் ஓரம் கூர்மையாக, ஒரே சீராக ஓட வேண்டும். குழல் வாயின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் துடைக்கும் கம்பியை முரட்டுத்தனமாக விட்டிருக்கிறார்கள், குறி தவறும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கட்டையைக் கழற்றச் சம்மதித்தால் மரம் மூடியிருந்த இடத்தில் துரு இருக்கிறதா, கைப்பிடிக் கழுத்தில் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். புது வார்னிஷ் அடித்த கட்டை என்றாலே எனக்கு அந்த விரிசல்மேல்தான் சந்தேகம். போல்ட்டில் வரிசை எண் பொறித்திருந்தால் அது ரைஃபிளின் உடலில் (போல்ட் ஓடும் உலோகப் பகுதி) உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், தோட்டா சரியான ஆழத்தில் உட்காருகிறதா என்று அதை அளக்கும் கருவி வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக் பார்க்காமல் சுடவே கூடாது. உடலில் உள்ள எண்ணே சுரண்டப்பட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கோப்பைத் தரகர்கள் விலையேற்றும் ஏணியாக வைத்திருக்கிறார்கள். “ஸ்கோப்பே இவ்வளவு ஆகும்” என்பார்கள். பழைய ஸ்கோப்புக்குப் புதியதன் பாதி விலை கிடைத்தாலே பெரிது. ரைஃபிளுக்குத் தனி விலை, ஸ்கோப்புக்குத் தனி விலை கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

‘பழசு என்றால் மதிப்பு கூடும்’ என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இதில் ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 70 ரைஃபிள் 1936-இல் வந்தது. 1964-இல் செலவைக் குறைப்பதற்காக அதன் அமைப்பையே மாற்றினார்கள். தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் நீண்ட கொக்கி போய்விட்டது. வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். அன்றிலிருந்து ‘64-க்கு முந்தையது’ என்ற சொல்லுக்கே தனி விலை. தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் நல்ல பிரதி, புது ரைஃபிளைவிட அதிக விலைக்குப் போவது உண்மை. ஆனால் ‘வந்தபடியே’ என்பதுதான் முக்கியம். உலோகத்துக்கு மறுபூச்சு, கட்டைக்கு வார்னிஷ், கட்டையின் பின்முனையை வெட்டி ஒட்டிய ரப்பர், ஸ்கோப்புக்காகப் போட்ட கூடுதல் துளை, இவற்றில் ஒன்று இருந்தாலும் சேகரிப்பவர் விலகிவிடுவார். அது வெறும் வேட்டைக் கருவியாகிவிடும். புதிய அமைப்பின் எண்கள் 7,00,000-இல் தொடங்கின. உங்கள் தரகர் இந்தக் கதையைத் தொடங்கினால் எண்ணைப் பாருங்கள், பிறகு வார்னிஷைப் பாருங்கள். 64-க்கு முந்தையதாகவே இருந்தாலும், வார்னிஷ் அடித்தவர் அந்தக் கூடுதல் விலையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார்.

ராணுவ ரைஃபிளை வேட்டைக்கு மாற்றியது என்றால் இன்னும் குறையும். செலவழித்தவருக்கு அந்தப் பணம் திரும்பி வராது. நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? அதிலும் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை செய்த 1903 மாடலில் 8,00,000-க்குக் கீழே எண் இருந்தால் சுடும்போது ரைஃபிளின் உடல் நொறுங்கும் அபாயம் உண்டு. சும்மா கொடுத்தாலும் சுடாதீர்கள்.

சரி, விலை. கேட்ட விலைகளைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். இதே மாடல் கடைசியாக விற்று முடிந்த விலைகளை ஐந்தாறு இடத்தில் பாருங்கள். பொதுவான மாடல், உள்ளே சுத்தம், வெளியே சாதாரணக் கீறல்கள் என்றால் புதியதன் விலையில் 60 முதல் 70 சதவீதம் என்பது என் கணக்கு. அதிலிருந்து பழுதுச் செலவைக் கழியுங்கள். குழல் மாற்ற வேண்டும் என்றால் பேச்சே வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம், நகல், கையெழுத்து என்று அலைய விடுகிறார்கள். எண்ணை நாலு இடத்தில் எழுதச் சொல்கிறார்கள். இத்தனை காகிதத்தில் குழல் எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு வரி கிடையாது. அந்த அலைச்சலையே காட்டித் தரகர் அவசரப்படுத்துவார்: “இன்றைக்கே முன்பணம் கொடுத்தால்தான் பேப்பர் நகரும்.” கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மெக்கானிக் பார்த்துச் சரியில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அவருக்குக் குழலின் நிலைமை ஏற்கெனவே தெரியும்.