கேட்டா, டான்செட்டா? எம்பிஏ நுழைவுத் தேர்வில் எதை எழுதுவது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் கிராமம். பி.காம். மூன்றாம் ஆண்டு போகிறேன். அப்பாவுக்கு நாலு ஏக்கர் நஞ்சை. எம்பிஏ படிக்க ஆசை. கேட், டான்செட், மேட், சிமேட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பணம் கட்ட முடியாது. எதை எழுதட்டும்?

பதில்: ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மை நிறுவனங்கள்) நாடு முழுவதற்கும் நடத்தும் கேட், தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான டான்செட் இரண்டையும் எழுதுங்கள். மற்றவற்றுக்கு இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

தேர்வை முதலில் பிடித்துக்கொண்டு அப்புறம் கல்லூரி தேடுவதால்தான் இவ்வளவு குழப்பம். இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது சேர்ந்துவிடுவேன் என்று தோன்றுகிற கல்லூரிகளை ஐந்தாறு எழுதிப் பாருங்கள். அவை எந்த மதிப்பெண்ணைக் கேட்கின்றனவோ, அதுதான் உங்கள் தேர்வு. டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி, திருச்சி. 2011-இல் தொடங்கிய ஐஐஎம், துவாக்குடி என்ஐடியின் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) எம்பிஏ, பிம் என்று எல்லோரும் சொல்கிற பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் மூன்றும் அங்கேயே இருக்கின்றன. மூன்றிலும் கேட் மதிப்பெண் செல்லும்.

குஜராத் ஆனந்தில் உள்ள இர்மாவின் ஊரக மேலாண்மைப் படிப்பு, அகமதாபாத் ஐஐஎம்மின் உணவு மற்றும் வேளாண் வணிகப் படிப்பு இரண்டுக்கும் கேட் எழுதியே போகலாம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் காத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் இவற்றை எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம். உங்கள் பட்டியலில் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

டான்செட்டை அண்ணா பல்கலைக்கழகம் பெரும்பாலும் மார்ச் வாக்கில் நடத்துகிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கலந்தாய்வில் இந்த மதிப்பெண்தான் பேசும். மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடும், ஐஐஎம்மை விடப் பல மடங்கு குறைந்த கட்டணமும் இந்த வழியில் கிடைக்கும்.

மேட் ஆண்டுக்குப் பல முறை நடப்பதால், தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எக்ஸாட் என்ற தேர்வு, ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ மாதிரி மேலாண்மைக் கல்லூரிகளைக் குறி வைப்பவர்களுக்கு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும், முதுகலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் பிஜியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தேர்வுக்கும் படிப்பு ஒன்றுதான். கேட் நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில் வரும். ஆங்கில வாசிப்பு, தரவும் தர்க்கமும், கணக்கு என்று மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம். ஒன்று முடிந்தால் திரும்பப் போக முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 போகும். டான்செட்டில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள். கேள்வி எளிது, வேகம்தான் முக்கியம். நவம்பர் வரை கேட்டுக்குப் படித்தவருக்கு டிசம்பருக்குப் பிறகு அந்த வேகப் பயிற்சி மட்டும் போதும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கை விட ஆங்கில வாசிப்புதான் இடறும். தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் நாலு வரி எழுதிப் பாருங்கள். முந்தைய ஆண்டுகளின் கேட் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து இரண்டு மணி நேரம் கடிகாரம் வைத்துப் போடுங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதா என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம்.

கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து செப்டம்பரில் மூடும். 2025-இல் கட்டணம் 2,600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,300. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் மாநில பிசி, எம்பிசி சான்றிதழ் ஐஐஎம்மில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருந்தால் ஜூலையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். எட்டு லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது விவசாய வருமானத்தைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நிலத்துக்குத் தனி வரம்பு இருக்கிறது, நாலு ஏக்கர் அதற்குள் தாராளமாக அடங்கும். நெல் விற்ற பணத்தைக் கூட்டி யாராவது மறுத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஐஐஎம் கட்டணத்தைக் கேட்டு அப்பா மலைத்துப்போகலாம். இப்படிப்பட்ட நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கிறது, 2024-இல் வந்த மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டமும் இருக்கிறது. நிலப் பத்திரத்தை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேர்வு ஊராகத் திருச்சியை முதலில் குறியுங்கள். காலை அமர்வு 8.30-க்கே தொடங்கிவிடும், நவம்பரோ அடைமழைக் காலம். காலையில் பஸ் பிடித்துப் போகலாம் என்று இருக்காமல் முதல் நாள் மாலையே திருச்சிக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.