உள்ளூர் வாரப் பத்திரிகை யூடியூபுக்கு வர என்ன கேமரா, எத்தனை பேர் வேண்டும்?

எட்டுப் பக்க உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் வீடியோ செய்தி தொடங்கப் போவதாகவும், என்ன கேமரா வாங்கலாம், எத்தனை பேரை எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு வீடாகப் போடும் ஒரு வாரப் பத்திரிகையில் நான் பார்ப்பதும் இதே வேலைதான்.

கேமராவுக்கு அலைய வேண்டாம், நிருபர் கையில் இருக்கும் போன் போதும். காசை மைக்கில் போடுங்கள். காசிமேட்டுக் கடல் காற்றும் எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரிச் சத்தமும் சேர்ந்தால் போன் மைக்கில் ஒரு வார்த்தை தேறாது. காற்றை அடக்கும் பஞ்சு உறை போட்ட காலர் மைக் இரண்டு, ஒரு டிரைபாட், எடுத்ததையெல்லாம் சேர்த்துவைக்க ஹார்ட் டிஸ்க். ஆரம்பத்துக்கு இவ்வளவுதான். படம் கொஞ்சம் ஆடினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

ஆள் எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'டிஜிட்டல் டீம்' என்று மூன்று நான்கு இளைஞர்களைத் தனியாக மாடியில் உட்காரவைப்பார்கள். கீழே இருக்கும் பழைய நிருபர்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. மாடியில் இருப்பவர்களுக்கு ஏரியா தெரியாது. டிவியில் வந்ததையே வேறு வாய்ஸ் ஓவரோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்க உங்கள் சேனலுக்கு எதற்கு வர வேண்டும்? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டையும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கையும் வருஷக்கணக்கில் எழுதிவரும் நிருபரே போனை எடுக்கட்டும். முதலில் "நமக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்" என்பார். ஆனால் அவரிடம்தான் மீனவர் சங்கத் தலைவரும், வார்டு இன்ஜினியரும், ரேஷன் கடை அக்காவும் பேசுவார்கள். புதிதாக எடுக்க வேண்டியது நன்றாக எடிட் செய்யத் தெரிந்த ஒரே ஒருவரை. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வீடியோவையும் சப்-எடிட்டர் பார்க்க வேண்டும். அச்சில் பெயர் தப்பாக வந்தால் அடுத்த வாரம் திருத்தம் போடலாம். வீடியோ அதற்குள் நூறு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போயிருக்கும்.

சரி, எதை எடுப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்து வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. படகு, வலை எல்லாம் கறுத்துப்போனது. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டுக்கும் எல்லா டிவி வேனும் வந்தது, சில நாளில் எல்லா வேனும் போனது. அந்த முதல் நாள் ஓட்டத்தில் டிவிக்காரர்களோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, போடவும் வேண்டாம். உங்கள் வேலை வேன் போன பிறகு ஆரம்பிக்கிறது. நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது, கெட்டுப்போன வலைக்கு என்ன கிடைத்தது, மீன் வாங்க ஆள் வருகிறார்களா, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? இதையெல்லாம் அந்தந்தத் தெருவில் நின்று கேட்க உள்ளூர்ப் பத்திரிகையால்தான் முடியும். ஒரே இடத்துக்கு மாதாமாதம் போய் எடுத்த வீடியோக்களை ஒரே பிளேலிஸ்டில் கோத்துவையுங்கள். புதிதாக வருபவர் முதலிலிருந்து பார்த்துக்கொள்வார்.

அப்புறம், பயன்படும் தகவல். மின்தடை, குடிநீர் லாரி, மாநகராட்சி முகாம் எல்லாவற்றுக்கும் அரை நிமிட ஷார்ட்ஸ் போதும். தலைப்பில் ஊர்ப்பெயரை முதலில் வையுங்கள். திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5 என்று மாநகராட்சி மண்டலப்படி இணையதளத்தைப் பிரித்தால் வாசகருக்குத் தன் பகுதி உடனே கிடைக்கும். அச்சில் பெரிய செய்திக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு போடுங்கள். வயதானவர்கள் ஸ்கேன் செய்ய மாட்டார்கள் என்று எங்கள் அலுவலகத்திலும் சொன்னார்கள். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்கிறார்கள்.

வெட்டு, குத்து வீடியோவுக்குப் பார்வை கொட்டும், மறுக்கவில்லை. ஆனால் வடசென்னை என்றாலே அரிவாளைத் தம்ப்நெயிலில் போட ஏற்கெனவே ஊர்ப்பட்ட சேனல் இருக்கிறது. உங்களுக்கு விளம்பரம் தருவது எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர், டியூஷன் சென்டர் நடத்துபவர், கல்யாண மண்டபக்காரர். தன் கடை விளம்பரத்தைக் கொலைச் செய்திக்குப் பக்கத்தில் பார்க்க அவருக்குப் பிடிக்காது. வியாசர்பாடிப் பையன்களின் கால்பந்து மேட்ச் எடுத்தால் அதே தெருவில் இருப்பவர்களே பகிர்ந்து தள்ளுகிறார்கள்.

யூடியூப் வருமானத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். விளம்பரப் பங்கு கிடைக்கவே 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடிப் பார்வை. ஒரு மண்டலத்து மக்களுக்காக மட்டும் செய்யும் சேனலுக்கு அந்தப் பங்கு கிடைத்தாலும் சொற்பம்தான். தீபாவளிக்குக் கால் பக்க விளம்பரம் தரும் கடைக்கு, அதோடு ஒரு நிமிட வீடியோவும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். 'விளம்பரம்' என்று திரையில் தெளிவாகப் போடுங்கள். விலை பேச யாரை அனுப்பினாலும் நிருபரை அனுப்பிவிடாதீர்கள்.

ஆடி மாதத்தில் ஒரு தொல்லை வரும். அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதை எடுப்பீர்கள், பின்னால் லவுட்ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டின் உரிமையாளர் பெயரில் யூடியூப் காப்புரிமைக் கோரல் போட்டுவிடும், வீடியோவின் வருமானமும் அவருக்குப் போய்விடலாம். பேட்டியைச் சத்தம் இல்லாத சந்துக்குள் கூட்டிப்போய் எடுங்கள்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. குழந்தை என்றால் முகத்தை மறைத்தால் மட்டும் போதாது, வீடு, பள்ளி, தெரு, அம்மா குரல் எதுவும் காட்டிக்கொடுக்கக் கூடாது. சின்ன ஏரியாவில் கதவின் நிறத்தை வைத்தே யார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி வெளியீட்டாளரைக் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைக்கச் சொல்கின்றன. புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆசிரியரின் மின்னஞ்சலையாவது இணையதளத்தில் தெரிகிற இடத்தில் போட்டுவையுங்கள்.

தொடங்கும் நேரம் உங்கள் கையில் இருந்தால், ஏப்ரல் 15-க்கு இரண்டு வாரம் முன்னால் ஆரம்பியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறும், எஞ்சின் வேலையும் வலை பின்னலும் நடக்கும், நிவாரணத் தொகை எப்போது வரும் என்ற பேச்சு ஓடும். புது டீம் கை பழக ஒரே இடத்தில் இவ்வளவு செய்தி வேறெப்போதும் கிடைக்காது.