காலிங் பெல்லைக் கழற்றி வையுங்கள்: ஆட்டிசப் பிள்ளையும் வீட்டுத் தொழிலும் – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு எழுதப்பட்டவை. பிள்ளை தூங்கின பிறகுதான் நமக்குக் கை ஒழிகிறது, அது எனக்கும் தெரியும். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: மதுரையில் வீட்டிலிருந்தே 13 வருடமாகப் பொடி வியாபாரம் செய்கிறேன். மகனுக்கு இப்போது 17 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை, ஆடிட்டரும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அக்கா, வீட்டில் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மகனுக்கு ஐந்து வயது. யாராவது வந்து காலிங் பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான், அரை மணி நேரம் அடங்குவதில்லை. வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். கத்தரி, ஊசி வேறு பயமாக இருக்கிறது. தொழிலை விட்டுவிடலாமா? – தென்காசி வாசகி

விட வேண்டாம். முதலில் காலிங் பெல்லைக் கழற்றி வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தச் சத்தம் நமக்குக் கேட்பது போலக் கேட்பதில்லை. காதுக்குள் குத்துகிற மாதிரி இருக்கும், அதுவும் எப்போது வரும் என்று தெரியாமல் வந்தால் இன்னும் மோசம். வாசலில் "வந்ததும் போன் செய்யவும்" என்று எழுதி ஒட்டிவிட்டு, போனை வைப்ரேஷனில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆட்கள் வரும் நேரம். நினைத்த நேரத்துக்கு வந்து போகலாம் என்று இருப்பதால்தான் அவன் நாள் முழுக்க வாசலையே கவனித்துக்கொண்டு இருக்கிறான். பையன் பள்ளிக்கோ தெரப்பிக்கோ போகும் நேரத்தில் ஒரு மணி நேரம், உதாரணமாகப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, அளவு எடுக்கவும் போட்டுப் பார்க்கவும் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் துணி கொடுப்பவர்கள் அளவு ப்ளவுஸோடு பையில் போட்டு, பெயர் எழுதிய சீட்டை வைத்து, கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கூடையில் வைத்துவிட்டுப் போகட்டும். ஆரம்பத்தில் நாலு பேர் முணுமுணுப்பார்கள். தையல் நன்றாக இருந்தால் கூடைக்குப் பழகிவிடுவார்கள்.

அவன் வீட்டில் இருக்கும்போது யாராவது வந்தே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லுங்கள். ஒரு அட்டையில் இரண்டு படம்: முதலில் "ஆன்ட்டி வருவாங்க", அடுத்து அவனுக்குப் பிடித்த ஊஞ்சலோ தண்ணீர் விளையாட்டோ. சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும். ஆன்ட்டி போன பிறகு ஊஞ்சல் இல்லையென்றால் அடுத்த முறை அந்த அட்டைக்கு மதிப்பே இருக்காது.

ஊசிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எண்ணி எடுத்து, முடிக்கும்போது எண்ணி வைப்பது. குண்டூசியைத் தவிர்த்து கிளிப் போடலாம். தரையில் விழுந்ததைத் தேட ஒரு காந்தம் எப்போதும் கையருகே இருக்கட்டும். கத்தரி, பிளேடு, கொக்கி டப்பா எல்லாம் பூட்டு உள்ள பெட்டியில் போக வேண்டும். எதையும் வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் பாசி, கல், கொக்கி வைத்த வேலையை அவன் தூங்கும்போது மட்டும் எடுங்கள். மோட்டார் மெஷினை விட்டு எழுந்தால், ஒரு நிமிடமாக இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சக்கரம் சுற்றுவதைப் பார்க்க நம் பிள்ளைகளில் பலருக்கு அவ்வளவு ஆசை, விரலை விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கட்டிங், கை இணைப்பது, கழுத்து திருப்புவது எல்லாம் கவனம் சிதறினால் துணி பாழாகிற வேலை. அவை அவன் இல்லாத நேரத்துக்கு. ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது போன்றவற்றைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடலாம். "பாதியில் விட்டால் என்ன ஆகும்?" என்ற இந்த ஒரு கேள்வியை எந்தத் தொழிலுக்கும் போட்டுப் பாருங்கள். என்னிடம் யோசனை கேட்கும் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அப்புறம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் விலையில்லாமல் தரும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. மகனின் மாற்றுத்திறனாளி சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சாப்பாட்டுத் தொழில் ஏதாவது ஆரம்பிக்க ஆசை. இட்லி மாவு, கேக், பொடி மூன்றில் எது சரி? மகளுக்கு ஏழு வயது, மிக்சி சத்தம் ஆகவே ஆகாது. – ஈரோடு வாசகி

மாவு இன்று அரைத்தால் நாளைக் காலை போய்ச் சேர வேண்டும். கேக் பிறந்தநாள் அன்று மாலைக்குள் போக வேண்டும். உங்கள் மகளுக்கு அன்று நாள் சரியில்லை என்றால் இரண்டுமே காலி, பெயரும் போய்விடும். பொடி காத்திருக்கும். நான் பொடியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு பெரிய காரணம் கிடையாது. கைப்பக்குவம், பாட்டி சொத்து என்று லேபிளில் போடுவதெல்லாம் பிறகு வந்தது.

சத்தத்துக்கு வழி: வீட்டில் வறுத்து, ஆறவைத்து, மில்லில் கொடுத்து அரையுங்கள். மில்காரருக்கு மிளகாய் அரைக்காத நேரம் எது என்று கேட்டு, இட்லிப் பொடி, பருப்புப் பொடியை அப்போது கொண்டுபோங்கள். வறுப்பதிலும் மிளகாய் நெடி இருக்கிறது. என் மகன் சின்ன வயதில் நெடி வந்தால் வாந்தியே எடுப்பான். அதனால் மிளகாய் வறுப்பது பள்ளி நேரத்தில் மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து. லீவு நாளில் மிளகாய் சட்டியை அடுப்பில் ஏற்றியதே இல்லை.

ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவு போதும் என்பதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்பதும்தான் நான் பதிவு செய்த காலத்து விதி. விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடைத்தரகர் ஆயிரக்கணக்கில் கேட்பார், தேவையில்லை. கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும், கூடவே சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, எதுவரை நல்லது, விலை, முகவரி, சைவக் குறி. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம்.

எத்தனை ஆர்டர் எடுப்பது என்பதற்கு என் கணக்கு இது. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், நிஜமாக உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வந்தால் 10 மணி நேரத்துக்கான ஆர்டர் மட்டும் எடுங்கள். மீதிப் பத்தும் சும்மா போகாது, காய்ச்சல், தெரப்பி மாற்றம், தூக்கம் இல்லாத இரவு என்று ஏதாவது வந்து எடுத்துக்கொள்ளும்.

"நீ மெஷினே கதின்னு கிடக்குற, அதான் பிள்ளை பேசல" என்று மாமியார் சொல்கிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. – பெயர் வேண்டாம்

அம்மா வேலை பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. இது பிள்ளையின் மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வருவது. அம்மாவின் பாசக் குறைவால் வருகிறது என்று படித்தவர்களே ஒரு காலத்தில் எழுதினார்கள். அதை 1964-இல் ஆதாரத்தோடு மறுத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருக்கே ஆட்டிசம் உள்ள மகன் இருந்தான். அறுபது வருடம் ஆகியும் அந்தப் பழி நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மாமியாரிடம் இதையெல்லாம் விளக்கிப் பயனில்லை, அவருக்கும் பேரனைப் பற்றிய பயம்தான். பேச வேண்டியது கணவரிடம். ஒரு நோட்டில் இடப்பக்கம் மாதத் தெரப்பிச் செலவு, ஆட்டோ, டாக்டர்; வலப்பக்கம் நீங்கள் சம்பாதித்தது. அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, "வாரத்தில் இரண்டு சாயங்காலம் பிள்ளை உங்களோடு" என்று கேளுங்கள். உதவி செய்யுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கிழமையும் மணியும் சொல்லிக் கேட்க வேண்டும்.

வேலை நேரத்தில் போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது.

ஆர்டர் பேக் செய்யும் நாற்பது நிமிடம் கொடுத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருகிறது என்று பயப்படவும் வேண்டாம். சிக்கல் திரும்ப வாங்கும்போதுதான். மணல் கடிகாரமோ, நேரம் குறைவது கண்ணுக்குத் தெரியும் டைமரோ வைத்து, அது முடிந்ததும் என்ன வரும் என்பதையும் காட்டிவிட்டு வாங்குங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் நானே கத்துவேன்.

அரசு உதவி, இன்சூரன்ஸ், வரிச் சலுகை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது? – திருச்சி வாசகர் (அப்பா)

ஒரு அப்பா எழுதியிருக்கிறார், நல்லது. வரிசை முக்கியம். முதலில் யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலை வைத்து மதிப்பிட்டுச் சதவீதம் போடுவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அட்டை மஞ்சள் என்றால் 40-லிருந்து 80-க்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். சின்னப் பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பரிசோதனை நாளில் காத்திருப்பு நீளும். தின்பண்டம், காதுக்கு மூடி, பிடித்த பொம்மை இல்லாமல் போகாதீர்கள்.

அட்டை வந்த பிறகு நிராமயா. ஆட்டிசம் போன்ற குறைபாடுகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு, ஒரு லட்சம் ரூபாய் வரை. தெரப்பிச் செலவையும் ஓரளவு திரும்பப் பெறலாம் என்பதுதான் இதில் விசேஷம். அதற்கு ஒழுங்கான பில் வேண்டும். தெரப்பிஸ்டிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

வரியில், நீங்கள் சம்பளக்காரர் என்றால் ஆடிட்டர்கள் 80டிடி என்று சொல்லும், வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. பழைய வரி முறையில் மட்டும். புதிய முறையில் இருந்தால் இது கிடையாது, எனவே இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தனியார் தெரப்பிக்குக் கட்டுப்படியாகாதவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையும், பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தையும் கேட்டுப் பாருங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

ஆட்டிசத்தைக் குணமாக்கும் பவுடர் என்று ஒரு தோழி விற்கிறார். 15,000 கட்டினால் நானும் வீட்டிலிருந்தே ஏஜெண்ட் ஆகலாமாம்.

வேண்டாம். ஆட்டிசத்தைக் குணமாக்கும் பவுடர் எதுவும் கிடையாது. உங்களை மாதிரி இன்னொரு அம்மாவிடம் போய் அதை விற்க உங்களுக்கு மனசு வராது என்றும் நினைக்கிறேன்.

மகனுக்கு 15 வயது. எங்கள் ஊறுகாய்த் தொழிலில் அவனைச் சேர்க்கலாமா? அவன் படத்தை லேபிளில் போட்டால் விற்பனை கூடும் என்று தம்பி சொல்கிறான். – விருதுநகர் வாசகி

சேர்க்கலாம், அவனுக்குப் பிடிக்கிற ஒரே ஒரு வேலையில் ஆரம்பித்து. என் மகனுக்குப் பொடி கையில் பட்டால் ஆகாது, ஆனால் லேபிள் ஒட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கோணலாக ஒட்டியதைப் பார்த்தால் பிரித்து மறுபடி ஒட்டாமல் நகரமாட்டான். எங்கள் 14 இலக்க எண் எனக்கு இன்றுவரை மனப்பாடம் இல்லை, அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கையை அடிக்கடி வாயில் வைக்கும் பிள்ளை என்றால் மூடி போட்டு சீல் வைத்த பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடை போடுவதும் நல்ல வேலை, திரையில் 300 வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது தெளிவான விதி. அரை மணி நேரம் போதும். முடிந்ததும் கூலியை அவன் கையிலேயே கொடுங்கள்.

18 முடிந்தால் சட்டப்படி நீங்கள் தானாக அவனுக்குக் காப்பாளர் இல்லை. தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இப்போதே விவரம் கேட்டு வையுங்கள்.

படம் வேண்டாம். லேபிளில் ஊறுகாய் படத்தைப் போடுங்கள்.

தீபாவளிக்கு ஆர்டர் குவிகிறது. போன வருடம் திணறிவிட்டேன், இந்த முறை எப்படிச் சமாளிப்பது?

ஆர்டர் குவியும் அதே வாரத்தில்தான் பள்ளி லீவு, தெரப்பி லீவு, தெருவெல்லாம் வெடி. நானும் ஒரு வருடம் பேராசைப்பட்டு மாட்டினேன். 60 கிலோ ஆர்டர் வாங்கி வைத்துவிட்டு, மகன் மூன்று இரவு தூங்காமல், கடைசியில் பாதிப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் புத்தகத்தை மூடிவிடுகிறேன். புரட்டாசியிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போய்விடும்: இந்தத் தேதிக்குப் பிறகு கிடையாது, முன்பணம் கட்டியவர்களுக்கு முதலில். வற்புறுத்துபவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் முறுக்கு சுடும் அக்காவின் எண்ணைக் கொடுத்துவிடுவேன். தீபாவளி அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அவன் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் நானும், அவன் ஒட்டுவதற்கு ஒரு கட்டு வெறும் லேபிளும்.