கதிர்க்கட்டும் உயிர்த்தெழுதலும்: யூதரின் அறுவடைப் பண்டிகைகள் பற்றிக் கேள்வி பதில்

ஐயா, பவுல் ஏன் இயேசுவை "முதற்பலன்" என்கிறார்? பயிருக்கும் உயிர்த்தெழுதலுக்கும் என்ன சம்பந்தம்?

லேவியராகமம் 23-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1 கொரிந்தியர் 15-ஐப் படியுங்கள். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையை ஒட்டி வாற்கோதுமை அறுப்பு தொடங்கும். முதல் கதிர்க்கட்டை ஆசாரியர் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவார். அதுவரை புது விளைச்சலை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அந்த அறுப்பை யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா விவரிக்கிறது. அறுக்க வந்தவர் கூட்டத்தைப் பார்த்து, "சூரியன் மறைந்ததா?" என்பார். "ஆம்!" "இந்த அரிவாளாலா?" "ஆம்!" "இந்தக் கூடையிலா?" "ஆம்!" ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்பார். முதல் கட்டு வந்துவிட்டால் வயலில் நிற்பதும் வீடு வந்து சேரும். கிறிஸ்து எழுந்ததால் அவருடையவர்களும் எழுவார்கள் என்று பவுல் சொல்வது இந்த நம்பிக்கையில்தான். ஈஸ்டர் பிரசங்கங்களில் இந்தப் பாதி விட்டுப்போவது எனக்கு வருத்தம்.

அப்படியானால் கதிர்க்கட்டை அசைவாட்டிய அதே நாளில்தான் எழுந்தாரா?

அடித்துச் சொல்ல வேண்டாம். கதிர்க்கட்டை அசைவாட்ட லேவியராகமம் குறிக்கும் "ஓய்வுநாளுக்கு மறுநாள்" எது என்பதில் யூதருக்குள்ளேயே தகராறு. பரிசேயர் என்ற பிரிவினர், பஸ்கா வரும் நிசான் மாதத்தின் 16-ஆம் தேதி என்றார்கள், எதிர்த்தரப்பு ஞாயிற்றுக்கிழமை என்றது. பவுலின் வாதம் தேதியை நம்பி நிற்கவில்லை.

பெந்தெகொஸ்தேயில் அறுவடை எங்கே வந்தது அண்ணா?

அது கதிர்க்கட்டு நாளிலிருந்து எண்ணி 50-ஆம் நாள், கோதுமை அறுப்பின் பண்டிகை. அப்போஸ்தலர் 2-இல் எருசலேமில் பல தேசத்து யூதர்கள் கூடியிருந்ததும் அதற்காகத்தான். அன்று புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்களைப் படைப்பார்கள். ஒன்று யூதர், மற்றது புறஜாதியார் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. அதைவிட, யூதர்கள் இந்தப் பண்டிகையில் ரூத்தின் புத்தகத்தை வாசிக்கிறார்களே, அதைப் பாருங்கள். கதிர் பொறுக்க வந்த மோவாபியப் பெண் தாவீதுக்குக் கொள்ளுப்பாட்டி ஆகிறாள். மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றில் அவள் பெயரையும் எழுதுகிறார்.

கூடாரப்பண்டிகை?

விளைச்சலைச் சேர்த்த பிறகு வரும் பண்டிகை அது. யோவான் 7-ஐப் பாருங்கள். பண்டிகை நாட்களில் சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பொற்குடத்தில் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அடுத்த மழைக்கான வேண்டுதலும் அதில் உண்டு. "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து" என்று இயேசு சத்தமிட்டது அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்.

எங்கள் சபை அறுப்பின் பண்டிகையில் காய்கறியும் கோழியும் ஏலம் போகிறதே, அது இதுதானா?

இல்லை. 1843-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ராபர்ட் ஹாக்கர் என்ற குரு நடத்திய நன்றி ஆராதனையோடு சேர்த்துப் பேசப்படும் ஆங்கிலிக்க வழக்கம் அது. விளைந்ததைக் கொண்டுவந்து வைக்கும் எண்ணம் மட்டும் பழையது. ஏலத்துக்கு முன் உபாகமம் 26-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். முதற்பலன் கூடையோடு வருகிறவன் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அங்கே இருக்கின்றன.