மீன் கடையில் விற்கும் வெள்ளைத் தவளையை வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. தவளை வளர்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மீன் கடையில் சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளைத் தவளைகள் இருக்கின்றன. வீட்டிலிருக்கும் கோல்டு ஃபிஷ் தொட்டியிலேயே விடலாம், மீன் தீனியே போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? நாலரை வயதில் ஒரு பையனும் இருக்கிறான்.
- வாசகி, மதுரை

பதில்: வெள்ளை என்றதுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அது பெரும்பாலும் ஆப்பிரிக்க நகத்தவளையின் ஆல்பினோ (நிறமி இல்லாத) குட்டி. அடுத்த முறை போகும்போது முன்னங்காலைப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாக, நடுவில் சவ்வு இல்லாமல் இருந்தால் நகத்தவளைதான். கண்ணும் தலைக்கு மேல் பக்கம் இருக்கும்.

இன்றைக்குச் சுண்டுவிரல், ஆனால் பெண் தவளை 10 செ.மீ.க்கு மேல் வளரும். 15 வருடம் இருக்கும். உங்கள் மகள் கல்லூரி முடித்த பிறகும் நீங்கள்தான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். வாய்க்குள் போகும் மீனையெல்லாம் விழுங்கிவிடும். கப்பி மீன் தொட்டியில் ஒன்றை விட்டு நானே பாடம் படித்தவன். எல்லாவற்றையும் விட, அதற்கு 18 முதல் 22 டிகிரி வரையிலான தண்ணீர் வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் அதற்கு எங்கே போவது?

உங்களுக்கு ஏற்றது டிவார்ஃப் ஃப்ராக் என்று விற்கும் குட்டை இனம். பழுப்பு நிறம், நான்கு கால்களிலும் சவ்வு, வளர்ந்தாலும் 3-4 செ.மீ.தான். 24 முதல் 27 டிகிரி இதற்குச் சரி. கோடையில் தொட்டியை நிழலில் வைத்து, மேலே சின்ன ஃபேன் ஓட விடுங்கள். எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் தோட்டத்துக்கு வரும் தவளையைப் பிடித்து அடைக்க மட்டும் வேண்டாம். நம் ஊர்த் தவளைகள் சில வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன.

அப்புறம், பையன் விஷயம். இந்தக் குட்டைத் தவளைகளால் அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை 376 பேருக்கு சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் பாக்டீரியா தொற்று வந்தது. அதில் குழந்தைகள்தான் அதிகம். தவளையைத் தொடக்கூட வேண்டாம், தொட்டித் தண்ணீரில் கை வைத்தாலே போதும். அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் தவளை வேண்டாம் என்பதுதான் மருத்துவத் துறையின் அறிவுரை. உங்கள் பையனுக்கு ஐந்து வயதாக இன்னும் ஆறு மாதம். பொறுங்கள். அதன் பிறகும் தொட்டியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறை சிங்க்கில் அலசக் கூடாது.

அந்த ஆறு மாதம் வீணாகாது. இரண்டு மூன்று தவளைக்கு 40 லிட்டர் தொட்டி, உயரம் ஓர் அடிக்குள். மூச்சு விட அவை மேலே வந்தாக வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், வேகமான நீரோட்டம் பிடிக்காது. சின்னக் கூழாங்கல்லை விழுங்கிவிடும், நைஸ் மணல் போடுங்கள். தவளை தோலாலும் சுவாசிக்கிற உயிர், தண்ணீரில் என்ன இருந்தாலும் உடம்புக்குள் போய்விடும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், தாது உப்பே இருக்காது. தவளை விடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே ஃபில்டரை ஓட விட்டுத் துளி மீன் தீனியும் போட்டு வந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்திருக்கும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். தப்பித்துத் தரையில் விழுந்தால் சில மணி நேரத்தில் காய்ந்து செத்துவிடும்.

தீனிக்கு ஃப்ரோசன் பிளட் வார்ம் (உறைய வைத்த சிவப்புப் புழு). உறைநிலை நீங்கியதும் மூக்கின் அருகே டிராப்பரில் விடுங்கள். பார்வை மந்தம், மோப்பம் பிடித்து ஆடி அசைந்து வருவதற்குள் கோல்டு ஃபிஷ் எல்லாவற்றையும் காலி செய்துவிடும். அதனால்தான் தனித் தொட்டி. சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுவை வாங்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனாலும் கண்மாயில் விட்டுவிடாதீர்கள், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இரவில் தொட்டியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டால் மோட்டார் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஆண் தவளை ஜோடியைக் கூப்பிடுகிறது.